கண்டது வேறு, கருதியது வேறு
ஆய்வு நூலைப் படிக்கும் முறை

கெடா வாசகர்களுக்குப் பல்கலைக்கழகம் இன்று எட்டாத தூரத்தில் இல்லை. சிந்தோக்கில் 1984இல் நிறுவப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் செமிலிங்கில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கப் போகிறார்கள்.

போன சில வாரங்களிலேயே சிலருக்கு ஒரு தடை வந்துவிடுகிறது. விரிவுரையாளர் படிக்கச் சொன்ன ஆய்வுக் கட்டுரையைக் கதைப் புத்தகம் போல முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் தலை சுற்றுகிறது. "நமக்கு இது ஏறாது" என்று மூடி வைத்துவிடுகிறார்கள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அப்பாவும் அம்மாவும் அந்த வாசலை மிதித்தவர்கள் அல்லர்.

பிள்ளைக்கு அறிவு போதாது என்று யாரும் கலங்க வேண்டாம். ஆய்வு நூலின் அமைப்பை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு வேலை

நான்காம் ஆண்டு மாணவனுக்கே முன்னுரை, கருத்து, முடிவுரை என்ற மூன்று பகுதிகள் தெரியும். ஆய்வுக் கட்டுரை அதையே விரித்துக் கட்டிய வீடு. சமையலறையில் படுக்கையைத் தேடுவோமா? அதுபோல எந்த அறையில் என்ன இருக்கும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் தலைப்பு. அதன் கீழே சுருக்கம். பிறகு முன்னுரை, என்ன கேள்விக்கு விடை தேடுகிறேன், அது ஏன் முக்கியம் என்று ஆசிரியர் அங்கே சொல்வார். இதற்கு முன் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதும் பெரும்பாலும் அங்கேயே வரும். அடுத்தது செய்முறை: எங்கே, எப்படி, எதைக் கொண்டு ஆராய்ந்தார் என்ற விவரம். அதற்கடுத்துக் கண்டறிந்தவை. பிறகு அவற்றுக்கு என்ன பொருள் என்ற விளக்கம். கடைசியில் முடிவும், துணைநூற் பட்டியலும்.

இந்த வரிசை 20ஆம் நூற்றாண்டில் அறிவியல் கட்டுரைகளில் படிப்படியாக நிலைபெற்றது. எல்லாத் துறையிலும் அச்சடித்தாற்போல் இதே வரிசை இருக்காது. இலக்கிய ஆய்வும் வரலாற்று ஆய்வும் கொஞ்சம் மாறி நடக்கும். ஆனாலும் கேள்வி, சான்று, விளக்கம் என்ற மூன்றும் எதிலும் இருக்கும்.

பவணந்தியார் சொன்னது

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம், நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூல் என்ற இலக்கணத்தை எழுதினார். எழுத்தைப் பற்றியும் சொல்லைப் பற்றியும் பேசப் புகுமுன், நூல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பாயிரத்தில் விளக்கி வைத்தார்.

ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்கிறார். எழுதியவர் யார், எந்த நூலின் வழியில் வந்தது, எந்த நில எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எவ்வாறு தொகுக்கப்பட்டது, எதைப் பற்றியது, யாருக்காக எழுதியது, படித்தால் என்ன பயன் என்பவை அவை. காலம், அரங்கேறிய களம், எழுதிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு. இன்றைய ஆய்வேட்டின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை அங்கே இருக்கும்.

பிறர் கருத்தை எப்படிக் கையாள்வது என்பதற்கும் ஏழு வழிகள் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பிறகு தள்ளலாம். தன் கருத்தை நாட்டி நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டால் ஒன்றைத் துணியலாம். பிறர் நூலின் பிழையைக் காட்டலாம், யாரோடும் சேராமல் தனிக் கருத்தும் கொள்ளலாம். ஆய்வேட்டில் முந்தைய ஆய்வுகளைப் பற்றி எழுதும் பகுதியில் மாணவர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதானே!

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் அவர் விடவில்லை. கூறியது கூறல் அவற்றில் ஒன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது இன்னொன்று. இன்றைய விரிவுரையாளரின் சிவப்பு மையும் இவற்றைத்தான் சுழித்துக் காட்டுகிறது.

மெர்போக் மண்ணில் ஒரு பாடம்

இந்த அமைப்பால் என்ன லாபம்? அதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது.

பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில்களை 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் தம் மனைவியுடன் சேர்ந்து தோண்டி ஆராய்ந்தார். முப்பது இடங்களுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கண்டதைத் தனித்தனியே எழுதினார். அறிக்கை 1940இல் வெளிவந்தது. அவர் எட்டாம் எண் கொடுத்த இடம்தான் புக்கிட் பத்து பஹாட் கோயில். பிறகு அலாஸ்டர் லாம் அதை முழுமையாக ஆராய்ந்தார். 1960 வாக்கில் அது மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டது. மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம்.

கல் அடித்தளம் எப்படி இருந்தது, என்னென்ன பொருள் கிடைத்தது என்பது கண்டது. இந்தியர் இங்கே வந்து குடியேறி நாகரிகத்தை நிறுவினார்கள் என்று வேல்ஸ் சொன்னது கருதியது. பின்வந்த ஆய்வாளர் பலர் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. இந்தியாவோடும் சீனாவோடும் வாணிகம் செய்த உள்ளூர் மக்கள், தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தாங்களே வளர்த்த நாடு இது என்றார்கள். 2009இல் சுங்கை பத்துவில் தொடங்கிய அகழ்வில் இரும்பு உருக்கிய இடங்கள் வெளிப்பட்டன. அவற்றின் காலத்தைப் பற்றியும் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கருத்து மாறியது. ஆனால் வேல்ஸ் கண்டதைத் தனியே எழுதி வைத்ததால், அவர் கருத்தை மறுப்பவர்களும் அவருடைய குறிப்புகளைப் பயன்படுத்த முடிகிறது. 2013இல் பூஜாங் பகுதியில் பதினோராம் எண் கோயில் நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்ட செய்தி வந்தது. கல் போன பிறகு, கண்டதை எழுதிய பக்கங்கள்தானே மிச்சம்!

கடாரத்தைப் பற்றி நம் கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் இராசேந்திர சோழனின் படை 1025இல் கடாரம் வந்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். பெருமை இருக்கட்டும். "தமிழன்தான் எல்லாம் கட்டினான்" என்று ஒருவரும், "தமிழனுக்கு இங்கே தொடர்பே இல்லை" என்று ஒருவரும் சொன்னால், நம் பிள்ளை இருவரையும் ஒரே கேள்வி கேட்க வேண்டும்: "இது தோண்டிக் கண்டதா, நீங்கள் கருதியதா?" அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது.

எந்த வரிசையில் படிப்பது?

உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும் படி. பிறகு நேரே முடிவுக்குப் போ. ஆசிரியர் எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று தெரிந்துகொள். அடுத்து முன்னுரைக்குத் திரும்பி, அவருடைய கேள்வியை உன் சொந்தச் சொற்களில் ஒரே வரியில் எழுது. அதன் பின் படங்களையும் அட்டவணைகளையும் பார். செய்முறைப் பகுதியைக் கடைசியில் மெதுவாகப் படி. புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு மேலே செல்.

குறிப்பேட்டின் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் "கண்டது" என்றும் வலப்பக்கம் "கருதியது" என்றும் எழுதிக்கொள். வலப்பக்கத்து வரிக்கு இடப்பக்கத்தில் ஆதாரம் இல்லையென்றால், அங்கே ஒரு கேள்விக்குறி போடு.

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடு கொடுங்கள். புக்கிட் பத்து பஹாட்டின் படிக்கல்லில் உட்கார்ந்து, இடப்பக்கத்தை மட்டும் முதலில் நிரப்பச் சொல்லுங்கள்.