கண் அழற்சிக்கும் ஊர் உண்டு

1993-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெய்த பெருமழையில் மதுரை மாவட்டம் வெள்ளக்காடானது. தண்ணீர் வடிந்தது, வயல் வேலை மறுபடி தொடங்கியது, மழையை மக்கள் மறந்தும் போனார்கள். அதன் பிறகுதான், 1994-இல், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, சிவந்த கண்ணும் மங்கிய பார்வையுமாக நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். மெட்ராஸ் ஐ கண்ணின் மேல்புறத்தோடு நின்றுவிடும். இவர்களுக்கோ அழற்சி கண்ணுக்குள்ளே இருந்தது.

டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் உள்ளிட்ட மருத்துவர்கள் காரணத்தைத் தேடினார்கள். ரத்தத்தையும் கண்ணுக்குள் ஊறும் நீரையும் சோதித்தபோது அகப்பட்டது லெப்டோஸ்பைரா, அதாவது எலிக்காய்ச்சல் கிருமி. எலி, ஆடுமாடு ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் இந்தக் கிருமி, தேங்கிய நீரிலும் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் பித்தவெடிப்போ சிராய்ப்போ அதற்கு வாசல். காய்ச்சல் வரும், போகும். சிலருக்குச் சில மாதங்கள் கழித்துக் கண் சிவக்கும். 1997-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை இப்படிப்பட்ட 73 நோயாளிகளை விவரித்தது.

இந்த உள் அழற்சியின் பெயர் யுவியைட்டிஸ். விழிக்கோளத்தின் நடு உறையான யுவியா ரத்தக்குழாய்கள் நிறைந்தது. கண்பாவையைச் சுற்றியுள்ள நிறவளையமான ஐரிஸும் அதில் ஒரு பகுதிதான். அங்கே அழற்சி வந்தால் வெள்ளணுக்களும் புரதமும் கண்ணுக்குள் ஊறும் நீரில் கசியும். இருட்டறையில் ஸ்லிட் லேம்ப் கருவியின் மெல்லிய ஒளியைக் கண்ணுக்குள் பாய்ச்சினால், ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியே விழும் வெயிலில் தூசி மிதப்பதுபோல அந்த அணுக்கள் மிதப்பது தெரியும். அழற்சி கடுமையானால் அவை கீழே படிந்து, ஐரிஸின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கோடாகத் தேங்கி நிற்கும்.

காட்சி ஒன்றாக இருந்தாலும் காரணம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அதே வெள்ளைக் கோட்டை இஸ்தான்புல்லில் பார்க்கும் மருத்துவர் முதலில் வாயில் புண் உண்டா என்று கேட்பார். துருக்கி மருத்துவர் ஹுலூசி பெசெட் 1937-இல் விவரித்த நோயில் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் சேர்ந்து வரும். துருக்கியிலிருந்து ஈரான் வழியே ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதையை ஒட்டிய நாடுகளில் இது அதிகம். ஜெர்மனியில் குடியேறிய துருக்கியருக்கு இது ஜெர்மானியரைவிடக் கூடுதலாகவும், துருக்கியில் வாழ்பவர்களைவிடக் குறைவாகவும் வருகிறது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, வாழும் மண்ணுக்கும் பங்குண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பரம்பரையின் பங்கு வேறு இடங்களிலும் தெரிகிறது. ஐரோப்பாவில் கண்ணின் முன்பகுதி அழற்சிக்கு எச்எல்ஏ-பி27 என்ற மரபணு வகை முக்கியக் காரணம். மேற்கு ஐரோப்பியரில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு அது உண்டு. ஜப்பானியரில் 1 சதவீதம்கூட இல்லை.

கிருமியின் பங்கைப் பார்க்கத் தெற்கு பிரேசிலுக்குப் போக வேண்டும். அங்கே எரெஷிம் வட்டாரத்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், சோதிக்கப்பட்டவர்களில் ஆறில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் டாக்ஸோபிளாஸ்மா தழும்பு இருந்தது. பூனையின் மலம் வழியாகவும் சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் பரவும் ஒட்டுண்ணி இது. உலகெங்கும் இருக்கிறது. ஆனால் தென் அமெரிக்க வகைகள் கண்ணைக் கூடுதலாகத் தாக்குகின்றன.

மறுபடி நம் மண்ணுக்கு வருவோம். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த சில பிள்ளைகளின் கண்ணுக்குள், ஐரிஸுக்கு முன்னால், வெள்ளையாக ஒரு சிறு கட்டி இருந்தது. காசநோயிலும் இப்படிக் கட்டி வரும் என்பதால் மருத்துவரின் எண்ணம் அந்தப் பக்கம் போவது இயல்பு. ஆனால் மதுரை மருத்துவர்கள், பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். ஊர்க் குளத்திலும் ஆற்றிலும் குதித்து நீந்தி விளையாடும் பிள்ளைகள் அவர்கள். நீர்நத்தைகளில் வளர்ந்து தண்ணீரில் கலக்கும் தட்டைப்புழுவின் இளம்பருவமே காரணம் என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பாடநூலை மட்டும் படித்தவருக்கு இந்த நோய் பிடிபட்டிருக்காது. குளத்தைப் பற்றிய அந்த ஒரு கேள்வி எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல.

இதில் நம் பங்கும் இருக்கிறது. கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வையும் மங்கினால், மெட்ராஸ் ஐ என்று நினைத்து மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். காரணம் தெரியாமல் போடும் ஸ்டீராய்டு, கிருமி இருந்தால் அதை வளர்த்துவிடும். நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். கண் மருத்துவரிடம் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்குகிறீர்கள், வீட்டில் ஆடுமாடு உண்டா, சில மாதங்களுக்கு முன் காய்ச்சல் வந்ததா என்பதையெல்லாம் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.