உழவர் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு கோடையில் நாம் ஊருக்குத் தொலைபேசி வாயிலாக ஓர் உபதேசம் செய்தோம். தஞ்சைப் பக்கத்தில் நம் குடும்பத்துக்குள்ள சிறு நிலத்தைத் தமையனார்தாம் பயிரிட்டு வருகிறார். திருந்திய நெல் சாகுபடி என்னும் முறையைப் பற்றிப் படித்திருந்த உற்சாகத்தில், "14 நாள் நாற்றைப் பறித்து, குத்துக்கு ஒற்றை நாற்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடுங்கள் அண்ணா, விதையும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்" என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "நம்ம பக்கத்தில் யார் தம்பி நட்டுப் பார்த்தது?" என்றார். புனேயில் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மிடம் அதற்கு விடை இல்லை.

முதலில் நமக்குச் சற்று வருத்தமே. பின்னர் ஆராய்ந்தபோதுதான், வேளாண் விரிவாக்கக் கல்வி என்று சொல்லப்படும் துறை முழுவதுமே இந்த ஒரு கேள்விக்கு விடை கூறப் பிறந்தது என்பது விளங்கியது.

உத்தரப் பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தில் 1948-ஆம் ஆண்டு ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கர் முன்னின்று ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கினார். அவர் வேளாண் நிபுணர் அல்லர், கட்டடக் கலைஞர். கிராம ஊழியர் ஒருவர் சில ஊர்களுக்குப் பொறுப்பேற்று, நல்ல கோதுமை விதையை உழவரின் சொந்த வயலிலேயே விதைக்கச் செய்து காட்ட வேண்டும் என்பது அங்கு வகுத்த முறை. பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று கண்ணால் கண்டார். மறு பருவம் தாமே விதை கேட்டார். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம். ஆனால் பத்து ஊருக்கு ஒரு கிராம சேவகர் என்று வைத்து, பயிர், சுகாதாரம், எழுத்தறிவு என எல்லாச் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றினார்கள். படிவம் நிரப்பும் வேலை எத்தகையது என்பதை நாமும் அறிவோம்; அவரிடம் நமக்கு அனுதாபமே உண்டு.

நாம் வாழும் இந்தப் புனே நகருக்கு இக்கதையில் தனியிடம் உண்டு. நம்மில் பலர் அதை அறியார். 1956-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியுடன், புனே வானொலி நிலையம் மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 ஊர்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்தது. வாரம் இருமுறை, அரை மணி நேரம் ஒலிபரப்பு. உழவர்கள் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. அங்கேயே விவாதம் நடக்கும். இது நம் மண்ணுக்கு ஒத்து வருமா, காசுக்கு என்ன வழி என்றெல்லாம் பேசி, எழுந்த ஐயங்களை எழுதி வானொலி நிலையத்துக்கே அனுப்புவார்கள். அவற்றுக்குப் பின்வரும் ஒலிபரப்பில் விடை வரும்.

இதன் பயனை அளந்தவர்கள் பம்பாயின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார். ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் பால் நியூராத். அவர்கள் மன்றமும் பெட்டியும் உள்ள ஊர், பெட்டி மட்டும் உள்ள ஊர், இரண்டும் இல்லாத ஊர் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் வளர்ச்சி சொற்பமே. கருவி ஒன்றுதான், ஒலித்த குரலும் ஒன்றுதான். கூடிப் பேசுவதற்கும் திருப்பிக் கேட்பதற்கும் இடமிருந்ததே வேற்றுமை. இதைப் படித்தபோது நமக்கு நம் தொலைபேசி உபதேசம் நினைவுக்கு வந்து முகம் சிவந்தது.

நம் தஞ்சையிலேயே வானொலி வென்ற கதையும் உண்டு. ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் 1960-களின் நடுவில் வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளால் அது வெகு விரைவில் பரவிற்று. உழவர்கள் அதை ரேடியோ நெல் என்றே அழைத்தனர். ஆயினும் வானொலி மட்டும் தனித்து நின்று அதைச் சாதிக்கவில்லை. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு 1960-லேயே தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்ததால், செயல்விளக்க வயல்களும் அலுவலர்களும் அருகிலேயே இருந்தனர்.

இன்று அப்பணியை வேளாண் அறிவியல் நிலையங்கள் செய்கின்றன. நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில், கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் தோன்றியது என்பது தமிழர் மகிழத்தக்க செய்தி. இப்போது அவை எழுநூறுக்கும் மேல். 2004 முதல் 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே உழவர்கள் ஐயம் கேட்கலாம். ஊரில் நிலமுள்ள அன்பர்கள் இவ்வெண்ணைக் குறித்து அனுப்பலாம். நம் உபதேசத்தைவிட அது உபயோகமானது.

தமையனாருக்கு நாம் அதன்பின் யோசனை ஏதும் சொல்லவில்லை. அருகில் எந்த ஊரில் செயல்விளக்க வயல் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்துச் சொன்னோம். இருமுறை போய் வந்தார். "பயிர் நன்றாகத்தான் தூர் கட்டியிருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன நாற்றை ஒவ்வொன்றாக நட நேரமாகிறது என்று நடவுப் பெண்கள் முனகுகிறார்கள். அதே கூலிக்கு எப்படி ஒப்புவார்கள் என்று அங்கே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்" என்றார். விடை என்ன கிடைத்தது என்று நாம் கேட்டோம். கயிறு பிடித்து நடக் கைப்பழக்கம் வரும்வரை கூலி கூடத்தான் செய்யும், பிறகு குறையும் என்றார்களாம். அவர் பாதி நம்பியிருக்கிறார். இந்தக் குறுவைக்கு ஒரு மா நிலத்தில் மட்டும் நடுவதாக உத்தேசம்.