சைக்கிள் பயணிக்கு எந்தச் சட்டி?

பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் எப்போதாவது ஓர் உல்லாசப் பயணி வருவார். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, சட்டியைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். விலைக்கு முன் பாரத்தைக் கேட்பார். கூடாரமும் அடுப்பும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்பவர் அவர். "இது லேசு, கொண்டு போங்க" என்று எதையாவது கொடுத்தனுப்புவது வியாபாரமல்ல.

முதலில் உலோகத்தைப் பார்ப்போம். ஒரு கன சென்ரிமீற்றர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத உருக்கு ஏறத்தாழ 8 கிராம். டைட்டானியம் உறுதியானது என்பதால் மிக மெல்லிய தகடாகச் செய்கிறார்கள். ஆகவே கடைசியில் பெரும்பாலும் அதுவே லேசு. விலையோ பல மடங்கு. இன்னொரு குறையும் உண்டு. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். டைட்டானியச் சட்டியில் நெருப்புப் படும் இடம் மட்டும் கொதித்து, சோறு அடிப்பிடித்துவிடும். தேயிலைக்குத் தண்ணீர் வைக்க அருமையான சாமான், முட்டை பொரிக்க ஆகாது. இதைச் சொல்லாமல் விற்பது குறையை மறைத்து விற்பதுதான்.

சரி, அந்தப் பாரம் எவ்வளவு முக்கியம்? கணக்குப் போடுவோம். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20, ஆக 105 கிலோ. உருக்குச் சட்டிக்குப் பதில் டைட்டானியம் எடுத்து 300 கிராம் குறைந்தால், ஒரு மணித்தியாலம் ஏறும் மேட்டில் மிச்சமாவது சுமார் 10 செக்கன். போத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கூட எடுத்தாலே ஒரு கிலோ ஏறிவிடுகிறது! ஆனால் கூடாரம், உடுப்பு, படுக்கை என்று பத்துச் சாமானிலும் இப்படிக் குறைப்பவருக்கு 3 கிலோ போய்விடும். அவர் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, "என்ன சமைப்பீர்கள்?" என்பதே. நூடுல்ஸும் பிளேன்டீயும் போதும் என்பவருக்கு லேசான சிறு கோப்பைச் சட்டி. சோறும் கறியும் வேண்டும் என்பவருக்கு சற்றுத் தடித்த, அடி அகன்ற அலுமினியம். அகன்ற அடி நெருப்பை நன்றாகப் பிடிக்கும், எரிபொருள் மிச்சம். மலைநாட்டுக்குப் போகிறவரென்றால் மூடி கட்டாயம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமெடுக்கும். புளி, தக்காளி போட்டுச் சமைப்பவருக்கு வெறும் அலுமினியம் நல்லதல்ல. ஹார்ட் அனோடைஸ்ட் செய்ததோ உருக்கோ கொடுங்கள். ஒட்டாத பூச்சுள்ளவை கழுவ இலகு, தண்ணீர் குறைந்த இடத்தில் அது பெரிய விடயம். ஆனால் பையில் குலுங்கிக் குலுங்கிப் பூச்சு கீறுப்படும், வெறும் சட்டி அதிகம் காய்ந்தாலும் கெடும்.

1925 இல் தொடங்கிய சுவீடனின் ட்ராஞ்சியா நிறுவனம் ஒரே அடுப்புத் தொகுதியையே சாதாரண அலுமினியம், ஹார்ட் அனோடைஸ்ட், ஒட்டாத பூச்சு என்று வேறு வேறாக விற்கிறது. எல்லாருக்கும் சிறந்த சட்டி என்று ஒன்று இருந்தால் அவர்கள் அதை மட்டும் செய்திருப்பார்கள்.

இதற்காக டைட்டானியம் இறக்கி மூலதனத்தை முடக்கத் தேவையில்லை. அதை மாதக்கணக்கில் தூசு தட்டிக்கொண்டிருக்க வேண்டிவரும். நம் தட்டிலிருக்கும் பிடியில்லாத அலுமினியச் சட்டிகளில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டை, மூடியுடன் சேர்த்து வையுங்கள். ஒருவருக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர், இருவருக்கு இரண்டு லீற்றர் போதும். தூக்க ஓர் இடுக்கி. இரண்டு சட்டிக்கும் நடுவில் ஒரு துணித்துண்டு வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் உராய்ந்து கறுப்புப் படியும், வழியெல்லாம் கடகடவென்று சத்தமும் போடும். பக்கத்தில் ஒரு சின்னத் தராசு இருந்தால் அவரே நிறுத்துப் பார்த்துக்கொள்வார்.