மூப்பும் மூட்டும் – 7: தேதி வாங்கியாச்சு, அப்புறம்?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்றே பல வீடுகளில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். "அம்மா, நீ ஒண்ணும் செய்யாதே. ஆபரேஷன் முடியட்டும்." தண்ணீர்ச் சொம்பு கட்டிலுக்கே வரும். பாசம்தான். ஆனால் ஏற்கெனவே உடம்பு இளைத்து, நடை தளர்ந்துபோனவருக்கு இந்தப் பாசம் ஆகாது.

உட்கார்ந்தவரைத் தூக்கி நிறுத்துவது முன்தொடைத் தசை. மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், டாக்டர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும். கையிருப்பு உள்ளவர் சமாளிப்பார். இல்லாதவர் கழிவறைக்குப் போகவே இரண்டு பேரைக் கூப்பிடுவார். நல்ல ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தது 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரைந்திருந்தது.

இந்த வயதில் தசை ஏறுமா என்று கேட்பீர்கள். ஏறும். பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் குழுவினர் எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். அது வெளியானது 1990-இல்.

வீட்டில் இதற்கு ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கைப்பிடி வைத்த மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மடித்த ஜமக்காளத்தை வைத்து உயர்த்துங்கள். நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, பாதங்களை உள்ளே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழ வேண்டும். பலரும் நிமிர்ந்தபடியே கையை ஊன்றி உந்துகிறார்கள். வேலை முழுக்கத் தோளுக்குப் போகிறது, தொடை சும்மா இருக்கிறது. உட்காரும்போதுதான் பாதிப் பலன்: தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெல்ல இறங்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சுலபமாகிவிட்டால் ஜமக்காளத்தில் ஒரு மடிப்பைக் குறையுங்கள்.

மூட்டு கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை. வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்பே அவரைக் கேட்டுவிடுவது நல்லது.

ரசம் சோறு மட்டும் சாப்பிட்டால் தசை ஏறாது. முட்டை, மீன், சுண்டல், தயிர் என்று ஏதாவது ஒன்று வேளாவேளைக்கு வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே பயிற்சி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. இருக்கட்டும். தளர்ந்தவர் விழுவதும், பயந்து கட்டிலோடு ஒட்டிக்கொள்வதும் முதல் சில வாரங்களில்தான். வாக்கரையும் இப்போதே வாங்கிவிடுங்கள். கழிவறைக் கதவுக்குள் அது நுழைகிறதா என்று பார்த்துவிடலாம்.