முல்லைநிலப் பாசறையும் குதிரையும்

பண்டைத் தமிழ்வேந்தர் அமைத்த பாசறையில் குதிரைகளின் நிலை யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளால் இயன்றது. காட்டாறு சூழ்ந்த நிலத்தே, பிடவம் முதலிய புதர்களை வெட்டி, வேட்டுவரின் அரண்களை அழித்து, முள்வேலியிட்டுப் பாசறை அமைத்தமையை அதன்கண் காண்கிறோம். அங்கு உறக்கம் கொள்ளாத அரசன், புண்பட்ட களிறுகளையும் வீழ்ந்த வீரரையும் நினைக்கின்றான். அவற்றோடு ஒருசேர, அம்பு தைத்தமையால் காது தளர்ந்து, தீனி கொள்ளாமல் வருந்தும் குதிரையையும் எண்ணுகின்றான்.

188 அடிகளையுடைய நெடுநல்வாடை வேறொரு பாசறையைக் காட்டுகின்றது. அங்கே நள்ளிரவிலும் சேணம் களையப்பெறாத குதிரைகள், சேறுபட்ட தெருவில் நின்று, தம்மேல் விழும் மழைத்துளிகளை உதறுகின்றன. எந்நேரமும் போர் நேரலாம் என்னும் விழிப்பை இது குறிப்பதாகக் கொள்ளலாம்.

உணவை மறுத்தலும் செவி தளர்தலும் குதிரையின் நோவைக் காட்டும் குறிகள் என்பர் இக்காலக் கால்நடை மருத்துவர். வாய்பேசா விலங்கின் துன்பத்தை அதன் மெய்ப்பாட்டால் உணர்ந்த புலவர், அதனை அரசன் நெஞ்சிலும் ஏற்றியுள்ளார். ஆகவே, முல்லைப்பாட்டைப் பிரிவும் ஆற்றியிருத்தலும் பற்றிய பாட்டென்று மட்டும் கொள்வோர், போரின் விலையை வென்றோனே எண்ணிப்பார்க்கும் இப்பகுதியைக் கடந்துபோதல் ஆகாது என்பது எம் துணிபு.