நாற்பதும் நூறும்: இரு நாட்டு வாழ்வில் இன்சுலின்

ஆண்டின் ஒரு பகுதியைத் தமிழகத்திலும் மறு பகுதியைப் பிள்ளைகள் குடியேறிய அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ கழிக்கும் முதியோருக்கு நீரிழிவு இருந்தால், அவர்களுடைய சிகிச்சை இரண்டு மருத்துவ அமைப்புகளின் கையில் மாறிமாறி வந்து சேர்கிறது. ஒரு நாட்டு மருத்துவமனையின் பதிவுகள் மறு நாட்டு மருத்துவரின் பார்வைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே நோயாளி கையோடு கொண்டுவரும் காகிதத்தையே அவர் நம்பவேண்டியிருக்கிறது. அதில் மருந்தின் பெயரும் வேளையும் இருந்தால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். இன்சுலினுக்கு அது போதாது.

இன்சுலின் ‘யூனிட்’ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் எத்தனை யூனிட் அடங்கியுள்ளது என்பது அதன் செறிவு. இந்தியாவில் குப்பிகளில் விற்கப்படும் மனித இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் செறிவுடையது. அமெரிக்காவில் 1973-இல் அறிமுகமான 100 யூனிட் செறிவு பழையவற்றைப் படிப்படியாக வெளியேற்றியது. பிரிட்டன் 1983-இல் அதற்கு மாறியது. சிரிஞ்சில் இடப்பட்டுள்ள கோடுகளும் செறிவுக்கு ஏற்பவே அமைந்தவை: சிவப்பு மூடியுள்ளது 40-க்கு, ஆரஞ்சு மூடியுள்ளது 100-க்கு.

ஊரிலிருந்து கொண்டுசென்ற சிவப்பு மூடி சிரிஞ்சால் அமெரிக்கக் குப்பியிலிருந்து 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தால், உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 20 யூனிட் அல்ல, 50. இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி நினைவிழக்கச் செய்ய இரண்டரை மடங்கு மருந்து போதுமானது. நேர்மாறாக, இந்தியக் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சால் அதே கோடு வரை எடுத்தால் உடலில் சேர்வது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை ஏறிக்கொண்டே போக, காரணம் அறியாத மருத்துவர் மருந்தைக் கூட்டுவார், அந்தக் கூட்டிய அளவு பிறகு சரியான சிரிஞ்சில் ஏறும்போது விபரீதமாகும். உலகின் பல நாடுகள் ஒரே செறிவுக்கு மாறி நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் இரண்டு செறிவுகளும் இந்தியாவில் ஒரே கடையில் கிடைப்பதை, எக்காரணம் காட்டினாலும், நியாயப்படுத்துவது கடினம். யூனிட்டை நேரடியாகத் திருகி அமைக்கும் இன்சுலின் பேனா இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது. விலை கூடுதலானாலும் இரு நாட்டு வாழ்வுக்கு அதுவே ஏற்றது. பேனாவின் மருந்துக் குழாயிலிருந்து சிரிஞ்சால் மருந்தை இழுப்பதை மட்டும் ஒருபோதும் செய்யலாகாது.

பரிசோதனை முடிவுகளிலும் அலகு மாறுகிறது. இந்தியாவும் அமெரிக்காவும் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் குறிக்க, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவை லிட்டருக்கு மில்லிமோலில் குறிக்கின்றன. முன்னதை 18-ஆல் வகுத்தால் பின்னது கிடைக்கும். சென்னையின் 126 லண்டனில் 7. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இந்தியாவில் 7 சதவீதம் எனில், பிரிட்டனின் முறையில் அது 53.

மாத்திரைகளில் சிக்கல் வேறு வகையானது. கிளிமிபிரைடு, மெட்பார்மின், வோக்ளிபோஸ் மூன்றையும் ஒன்றாக அடக்கிய மாத்திரை இந்தியாவில் சாதாரணம். அமெரிக்காவில் வோக்ளிபோஸ் அங்கீகரிக்கப்பட்ட மருந்தே அன்று. அட்டையிலுள்ள வணிகப் பெயரைக் காட்டினால் அங்குள்ள மருந்தாளுநருக்கு எதுவும் புலப்படாது. வேதிப் பெயர்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல: இங்கே கிளிபென்கிளமைடு எனப்படுவது அங்கே கிளைபுரைடு.

அமெரிக்காவுக்குள் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுசெல்லும் மருந்து பொதுவாக மூன்று மாதத் தேவைக்குள் இருக்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. விமானத்தின் சரக்கறையில் உறைந்து கெடக்கூடும் என்பதால் இன்சுலின் கைப்பையில்தான் இருக்கவேண்டும். அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, சில விதிவிலக்குகள் தவிர, அந்நாட்டுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. இந்தியாவில் தங்கும் மாதங்களுக்கான செலவைத் தனியே திட்டமிட்டாக வேண்டும்.

பயணத்துக்கு முன் ஒவ்வொரு மருந்தின் வேதிப் பெயர், மாத்திரையின் மில்லிகிராம் அளவு, இன்சுலினின் செறிவு, பயன்படுத்தும் சிரிஞ்ச் அல்லது பேனாவின் வகை, கடைசிப் பரிசோதனை முடிவுகள் அலகுடன் ஆகிய அனைத்தையும் தட்டச்சிட்டு, கையொப்பமிட்டுத் தருமாறு மருத்துவரிடம் வாசகர்கள் தயங்காமல் கேட்கவேண்டும்.

(தொடரும்)