வலை ஒன்று, வழி இரண்டு

எலுமிச்சைச் சந்தையால் பெயர்பெற்ற புளியங்குடியில் மூட்டை சுமப்பதும் லாரியில் அடுக்குவதும் தோட்டத்து வேலையும் பலருடைய அன்றாடப் பிழைப்பாக இருப்பதால், உடல் உழைப்பைச் சில வாரங்கள் நிறுத்திவைக்கச் சொல்லும் எந்த நோயும் அங்கே முதலில் வீட்டு வரவுசெலவைத்தான் தொடுகிறது. அத்தகைய நோய்களுள் ஒன்றாகிய குடலிறக்கம், அதாவது ஹெர்னியா, மருந்தால் தீராது என்பதும் அறுவை சிகிச்சையே அதற்குத் தீர்வு என்பதும் இன்று பரவலாகத் தெரிந்தவை. ஆனால் அந்த அறுவையைத் திறந்து செய்வதா, லேப்ராஸ்கோப்பி என்னும் நுண்துளை முறையில் செய்வதா என்ற கேள்வி எழும்போது, துளையிடுவது புதியது, ஆகவே சிறந்தது; கீறுவது பழையது, ஆகவே தாழ்ந்தது என்ற எண்ணமே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கிறது. அந்த எண்ணம் பாதிதான் சரி.

வயிற்றின் சுவர் தசைகளாலும் அவற்றைப் போர்த்திய உறுதியான நார்ப் படலங்களாலும் ஆனது. நைந்த சாக்கில் இழை விலகிய இடத்தில் உள்ளிருக்கும் காய் புடைத்துத் தெரிவதைப் போல, அச்சுவர் தளர்ந்த இடத்தின் வழியாகக் குடலோ குடலைச் சார்ந்த கொழுப்போ வெளியே பிதுங்குவதே குடலிறக்கம். தொப்புளிலும் பழைய அறுவைத் தழும்பிலும் அது தோன்றக்கூடும் என்றாலும், மிகுதியாகக் காணப்படுவது அடிவயிறும் தொடையும் கூடும் கவட்டைப் பகுதியில்தான். ஆண் சிசுவின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் கவட்டையிலுள்ள ஒரு சிறு கால்வாய் வழியாகக் கீழிறங்குகின்றன. அவற்றுக்கான இரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் வாழ்நாள் முழுதும் அவ்வழியாகவே செல்வதால், அந்த இடம் ஆண்களுக்கு இயற்கையிலேயே நலிந்தது. வாழ்நாளில் கவட்டைக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 3 பேருக்கும் உண்டு என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. பாரம் தூக்குவதே காரணம் என்னும் நம்பிக்கையில் உண்மை ஓரளவுதான். பிறக்கும்போதே மூடாமல் நின்றுவிட்ட பாதை, வயதால் தளர்ந்த நார், விடாத இருமல், சிறுநீர் கழிக்க முக்க வேண்டிய நிலை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. மேசையருகே உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் அது வரும் என்பதால், கவட்டையில் வீக்கம் கண்ட தொழிலாளி அதைக் கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

சாக்கின் கிழிசலைத் தைத்துப் பழகியவர்கள் இந்த அறுவையின் வரலாற்றை எளிதில் புரிந்துகொள்ளலாம். இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பஸ்ஸினி 1880களில் வகுத்த முறை, தளர்ந்த இடத்தின் இரு பக்கத்துத் திசுக்களையும் இழுத்து ஒன்றாகத் தைப்பது. நைந்த துணியின் ஓரங்களை இழுத்துத் தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே மீண்டும் கிழிவதைப் போல, இழுவிசையோடு தைத்த இடம் பலருக்கு மீண்டும் பிதுங்கியது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இர்விங் லிக்டென்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1980களில் ஒட்டுத்துணி வழியைப் பரவலாக்கினார்கள். ஓரங்களை இழுக்காமல், பாலிப்ரொப்பிலீன் என்னும் செயற்கை இழையால் நெய்த வலையை ஓட்டையின்மேல் பரப்பித் தைத்துவிட்டால், உடலின் திசு அதன் கண்களுக்குள் வளர்ந்து வலையும் சுவரும் ஒன்றாகிவிடும். குடலிறக்க அறுவையில் நேர்ந்த பெருந்திருப்பம் இந்த வலைதான். நுண்துளை முறை அதே வலையை வேறு வழியாக உள்ளே கொண்டுசெல்வது மட்டுமே.

வலை விலையுயர்ந்தது என்ற தடையை உடைத்ததில் இந்தியச் சிற்றூர் ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தின் தொண்டாயிச்சா என்னும் ஊரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்ங்கர், ஏழை நோயாளிகளால் வாங்க முடியாத வலைக்கு மாற்றாகக் கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கிப் பயன்படுத்தி, அவ்வாறு செய்யப்பட்ட 359 குடலிறக்க அறுவைகளின் விளைவைத் தம் தோழர்களோடு சேர்ந்து 2003இல் இந்திய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் உகாண்டாவில் 302 ஆண்களிடம் விலையுயர்ந்த வலையும் கொசுவலைத் துணியும் ஒப்பிடப்பட்டு 2016இல் முடிவு வெளியானபோது, ஓராண்டில் கொசுவலை வைத்தவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. மற்றக் குழுவில் ஒருவருக்கும் திரும்பவில்லை. சிகிச்சையின் தரத்தைக் கட்டணத்தின் உயரத்தால் அளக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி அறுவை மருத்துவத்தில் அரிது.

திறந்த முறையில் கவட்டையில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறி, பிதுங்கிய பையை உள்ளே தள்ளி, சுவரின் வெளிப்பக்கத்தில் வலையை வைத்துத் தைக்கிறார்கள். இதற்கு முதுகுத் தண்டில் போடும் ஊசி போதும். கீறும் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியோடும் இதைச் செய்துவிடலாம் என்பதால், முழு மயக்கம் தாங்காத முதியவருக்கும் நுரையீரலோ இதயமோ நலிந்தவருக்கும் இது பாதுகாப்பான வழி.

நுண்துளை முறையில் தொப்புளருகே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு துளையும், அதனினும் சிறிய இரு துளைகளும் இடப்படுகின்றன. கரியமில வாயுவைச் செலுத்தி உள்ளே இடம் உண்டாக்கி, கேமரா காட்டும் படத்தைத் திரையில் பார்த்தபடி, சுவரின் உட்பக்கத்தில் சுமார் 10 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வலையை விரிக்கிறார்கள். வயிற்றறைக்குள் நுழைந்து செய்வது ஒரு வகை. வயிற்றறைக்குள் போகாமல், தசைக்கும் வயிற்றின் உட்படலத்துக்கும் இடையிலான வெளியிலேயே வேலையை முடிப்பது மற்றொரு வகை. சாக்கின் உட்புறத்தில் வைத்த ஒட்டைச் சரக்கின் அழுத்தமே சாக்கோடு சேர்த்துப் பிடிப்பதைப் போல, இங்கே வயிற்றின் அழுத்தம் வலையைச் சுவரோடு அணைத்துவைக்கிறது. பெரிய வலை ஒன்றே கவட்டையின் நலிந்த இடங்கள் அனைத்தையும் ஒருங்கே மூடிவிடுகிறது. இம்முறைக்குப் பொதுவாக முழு மயக்கம் தேவைப்படுகிறது.

இரு முறைகளையும் ஒப்பிட்ட 41 ஆய்வுகளை, அவற்றில் இடம்பெற்ற 7,161 நோயாளிகளின் விவரங்களோடு, காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு 2003இல் தொகுத்துப் பார்த்தது. நுண்துளை முறைக்கு அறுவை நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடுதல்; நாள்பட்ட வலியும் மரமரப்பும் குறைவு; வழக்கமான வேலைக்குத் திரும்புவது ஏறத்தாழ 7 நாள் முன்னதாக. ஒரு வாரக் கூலி சிறிதன்று. ஆனால் மயக்க மருந்தும் கருவிகளும் சேர்ந்து தனியார் மருத்துவமனைக் கட்டணத்தில் கூட்டும் தொகை அந்த ஒரு வாரக் கூலியைவிட எத்தனை மடங்கு என்பதையும் குடும்பம் கணக்கிட வேண்டும். குடல், சிறுநீர்ப்பை, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றில் காயம் படுவது இரு முறைகளிலும் அரிது என்றாலும், நுண்துளை முறையில் அது சற்று மிகுதி என்பதும் அதே தொகுப்பில் தெரியவந்தது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான 14 மருத்துவமனைகளிலிருந்து வந்த முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. முதன்முறையாக அறுவை செய்துகொண்டவர்களில், இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் நுண்துளை முறையில் 10.1 விழுக்காடு; திறந்த முறையில் 4 விழுக்காடு. ஆனால் நுண்துளை முறையில் 250க்கு மேல் அறுவை செய்து கை பழகிய மருத்துவர்களிடம் அந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துபோயிற்று. 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், இம்முறையில் ஒரு மருத்துவர் தேர்ச்சி பெற 50 முதல் 100 அறுவைகள் ஆகும் என்று கூறுகிறது. மும்பையில் தெகம்தன் உத்வாடியா 1990இல் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பித்தப்பையை அகற்றிய பின்னர், கோயம்புத்தூரில் சி. பழனிவேலு போன்றோரால் இக்கலை தமிழ்நாட்டில் வேரூன்றி, இன்று கை தேர்ந்த மருத்துவர்கள் பலர் உள்ளனர். எனினும் “இந்த முறையில் எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்பதை நோயாளிகள் மரியாதைக் குறைவாகக் கருதித் தயங்குகிறார்கள்; அந்தத் தயக்கத்தைவிட அவர்களுக்குக் கேடு செய்வது வேறொன்றுமில்லை.

அந்த வழிகாட்டுதலின்படி, பெண்களுக்கும், இரு பக்கமும் குடலிறக்கம் உள்ளவர்களுக்கும், முன்பு திறந்த முறையில் செய்து மீண்டும் நோய் வந்தவர்களுக்கும் நுண்துளை முறையே பொருத்தமானது. பெண்களுக்குத் தொடை வழியாக இறங்கும் வகை மிகுதி. வெளியிலிருந்து தேடும்போது அது கண்ணுக்குத் தப்பிவிடலாம். மறுமுறை வந்தவருக்கோ, தழும்பேறிய பழைய வழியை விட்டு உட்புறமாகச் செல்வது நல்லது. இவர்கள் தேர்ந்த மருத்துவரைத் தேடித் தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ அதற்கு அப்பாலோ செல்வது வீண் அலைச்சலாகாது. ஒரு பக்கம் மட்டும், முதன்முறையாக வந்த ஆணுக்கு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் வலை வைத்துச் செய்யப்படும் திறந்த அறுவை இரண்டாந்தரமானதன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்த முறை எந்த மருத்துவமனையில் அதில் அடங்கும் என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.

அறுவைக்குப் பின் ஆறு மாதம் எதையும் தூக்கக் கூடாது என்னும் பழைய கட்டளை இழுத்துத் தைத்த காலத்துக்கு உரியது. வலை வைத்த பிறகு, எந்த முறையாயினும், வலி தாங்கும் அளவுக்கு மூன்று முதல் ஐந்து நாளில் அன்றாட வேலைகளுக்குத் திரும்பலாம் என்கிறது 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கனத்த மூட்டைக்கு எப்போது திரும்புவது என்பதை அறுவை செய்தவரிடமே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

வலியில்லாத சிறு வீக்கமுள்ள ஆண்கள் உடனே கத்திக்குப் போக வேண்டுமா என்பதையும் வட அமெரிக்காவில் 720 பேரிடம் ஆராய்ந்திருக்கிறார்கள். காத்திருந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கியது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இருவருக்கும் குறைவு. ஆனால் பத்து ஆண்டுகளுக்குள் மூவரில் இருவர், பெரும்பாலும் வலியின் காரணமாக, அறுவைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே அறுவடையோ மகளின் திருமணமோ முடியும்வரை, மருத்துவரின் கண்காணிப்பில், காத்திருக்க இடமுண்டு. வழக்கமாகப் படுத்தால் உள்ளே போகும் வீக்கம் போகாமல் கல்லாக இறுகி, கடும் வலியும் வாந்தியும் வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் காத்திருக்க இடமில்லை. சிக்கிய குடல் இரத்த ஓட்டமின்றிச் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும் என்பதால், வெந்நீர் ஒத்தடம் கொடுத்து விடியும்வரை பார்க்காமல், எந்த முறை என்ற தேர்வையும் விட்டுவிட்டு, இரவானாலும் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு 108 ஆம்புலன்ஸில் புறப்பட வேண்டும்.